உதாரணத்துக்கு மஞ்சள் கட்டடம்

கேள்வித்தாளைக் கொடுத்து முடித்ததும் இந்திராணி செய்த முதல் காரியம் ஜன்னல் பக்கம் போகாமல் இருந்ததுதான். போகாமல் இருப்பதும் ஒரு வேலை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாகப் பரீட்சை அறையில் நின்று பழகிய கால்கள், ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் தாமாகவே இரண்டாவது ஜன்னலுக்குத்தான் போகும். அங்கேதான் காற்று வரும். அங்கே நின்றால் மேற்கே மலையும் கீழே கடைவீதியும் தெரியும்; போடிநாயக்கனூரில் மத்தியானம் மழை உண்டா இல்லையா என்று மலையில் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்றைக்கு அந்தக் கால்களை அதட்டிச் சுவரோரமாகவே நடக்கவைக்க வேண்டியிருந்தது, மாட்டை வயலில் இறங்கவிடாமல் வரப்போடு ஓட்டிப் போவது மாதிரி. காலையில் ஆட்டோவில் வரும்போது பார்த்ததே போதும். கடைவீதியில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்த நிதிக் கம்பெனியின் படிக்கட்டில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது. டை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கும்பிடு போடும் காவலாளியைக் காணோம். கட்டடத்துக்கு மஞ்சள் அடித்திருப்பதால் ஊரில் அதற்குப் பெயரே மஞ்சக் கட்டடம்தான். கம்பெனியின் நிஜப் பெயர் ரசீதில் மட்டும் இருந்தது. "என்னமோ ஆடிட் நடக்குதாம் டீச்சர், நாளைக்குத் திறந்துருவாங்களாம்" என்றார் ஆட்டோக்காரர். நாளைக்கு என்று சொல்லும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவருடைய பணமும் அங்கே இருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. "நீங்க ஓட்டுங்க, பரீட்சைக்கு நேரமாச்சு" என்றாள். செல்போனை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் பரீட்சை அறைக்குள் வர வேண்டும் என்பது கல்லூரி முதல்வர் போட்ட சட்டம். வழக்கமாக அதற்கு முணுமுணுப்பவள் இன்று யாரும் கேட்பதற்கு முன்பே அணைத்து, கைப்பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். இனி மதியம் மணி அடிக்கும் வரைக்கும் உலகத்தில் எது நடந்தாலும் அவளைத் தேடி வர முடியாது. அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாம் வருஷப் பொருளாதாரம், மாதிரித் தேர்வு. பிள்ளைகள் பெயர் வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்காரவைத்தால் யோகேஸ்வரிக்கு எப்போதும் கடைசி பெஞ்சு, சுவரோரம், ஒரு தூணின் மறைவு. அங்கேயிருந்து ஜன்னல் தெரியாது. பெயர் வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று இந்திராணி மனசுக்குள் வாழ்த்தினாள். ஒரு அபிராமியோ அமுதாவோ ஆகியிருந்தால் முதல் பெஞ்சு, ஜன்னலோரம், தலையைத் திருப்பினால் மஞ்சள் கட்டடம். அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எந்தக் கேள்வியை எழுதுகிறதோ. பன்னிரண்டாவது கேள்வியில் இரண்டில் ஒன்றை எழுதலாம். வளரும் நாடொன்றின் மொத்த தேசியச் சேமிப்பின் நீண்டகாலப் போக்குகளை விளக்குக, அல்லது பணவீக்கத்தின் காரணங்களைக் கூறுக. இந்திராணியே எடுத்த கேள்வித்தாள்தான். பணவீக்கத்தை எழுது தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும். பணவீக்கம் சுலபம், நாலு காரணம், நாலு விளைவு, ஒரு வரைபடம். சேமிப்பில் மாட்டாதே. ஆனால் சேமிப்புப் பாடத்தை நடத்தியது யார்? இந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்தை இந்திராணியைப் போல நடத்த ஆளில்லை என்று பெயர். பக்கத்துக் கல்லூரியில் கருத்தரங்கு என்றால்கூட அந்தத் தலைப்புக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கரும்பலகையில் இடமிருந்து வலம் ஒரே கோடு. சுதந்திரம் வாங்கின புதிதில் நூறு ரூபாய் வருமானத்தில் நாடு ஒதுக்கி வைத்தது ஏதோ பத்து ரூபாய். அப்புறம் வங்கிகள் ஊர் ஊராகக் கிளை திறந்தன, கோடு ஏறியது. உண்டியலில் இருந்தது, அரிசிப் பானைக்குள் இருந்தது, முந்தானை முடிச்சில் இருந்தது எல்லாம் கிளம்பி வங்கிக்கு வந்தது, கோடு இன்னும் ஏறியது. முப்பதைத் தாண்டி, முப்பத்தேழைத் தொட்டு, அந்த உச்சியில் சாக்பீஸைச் சற்று நிறுத்துவாள். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு சரேலென்று கீழே இழுப்பாள். "ஏன் இறங்குச்சு? யாரு கையை விட்டா? அரசாங்கமா, கம்பெனியா, குடும்பமா?" குடும்பம்தான் மேடம் என்று மொத்த வகுப்பும் சொல்லும். கோவில் தேரில் வடம் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் கையை விட்டால் தேர் என்ன ஆகும் என்று கேட்பாள். நல்ல வகுப்பு. எத்தனை வருஷமாக நடத்தினாலும் அந்த இடத்தில் அவளுக்கே புல்லரிக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாடத்துக்கு உதாரணம் வேண்டும், அதுவும் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும்; தூரத்து உதாரணம் பிள்ளைகள் மனசில் நிற்காது என்பது அவளுடைய முப்பது வருஷத்து வேதம். மழையைச் சொன்னால் மலையைக் காட்டுவாள், விலையைச் சொன்னால் கீழே காய்கறிக் கடையைக் காட்டுவாள். அன்றைக்கும் சாக்பீஸும் கையுமாக இந்த ஜன்னலைத்தான் காட்டினாள். "வீட்டுல பூட்டி வச்ச தங்கம் தூங்குற சேமிப்பு. அது யாருக்கும் வேலை செய்யாது. அதை எழுப்பி, வித்து, பணத்தைக் கொண்டுபோய் ஒரு நிதி நிறுவனத்துல போட்டா, உதாரணத்துக்கு அந்தா அந்த மஞ்சக் கட்டடம் இருக்குல்ல, அது நடமாட ஆரம்பிக்கும். ஒருத்தருக்குக் கடனாகும், ஒரு கடையாகும், ஒரு ஏலக்காய் செட்டாகும், பத்துப் பேருக்குக் கூலியாகும்." உதாரணத்துக்கு என்றுதானே சொன்னாள். வங்கி அந்த ஜன்னலில் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். வங்கி இரண்டு தெரு தள்ளி, புளியமரத்துக்குப் பின்னால். மரம் மட்டும் இல்லாதிருந்தால் வங்கியைக் காட்டியிருப்பாள். ஒரு புளியமரம் குறுக்கே நின்றதற்கு யார் என்ன செய்ய முடியும்? இந்த ஞாயத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் முன்னால் நின்று இதைச் சொல்வது?

எப்போது ஜன்னலுக்கு வந்தோம் என்று தெரியவில்லை. கால்கள் ஏமாற்றிவிட்டன. கீழே படிக்கட்டில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். பத்திருபது பேராக இருந்தது இப்போது தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஷட்டரைத் தட்டினார்கள். ஜவுளிக்கடைக்காரர் தன் கடைக்கு ஆபத்து என்று பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்று கையைக் கையை ஆட்டினார். எல்லாமே சத்தமில்லாமல் நடந்தது, தூரம். அதுதான் பயமாக இருந்தது. சத்தம் கேட்டிருந்தால் ஊரில் நடக்கிற சண்டை மாதிரி இருந்திருக்கும். படிக்கட்டின் நடுவில் ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஷட்டரையும் பார்க்காமல் தெருவையும் பார்க்காமல். பச்சைச் சேலை கட்டாத பெண்பிள்ளை ஊரில் யார்? ஆடி மாசம் கோவிலுக்கு எடுத்தது பாதிப்பேரிடம் இருக்கும். இந்திராணியின் கை கழுத்துக்குப் போனது. சங்கிலி இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? ஏழு பவுன், கல்யாணத்துக்கு அப்பா போட்டது, வருஷத்துக்கு ஒருமுறை பூந்திக்கொட்டை போட்டுக் கழுவுவாள், மற்றபடி கழற்றியதில்லை. மற்றதெல்லாம் வங்கி லாக்கரில் தூங்குகிறது. ஒரு குண்டுமணியைக்கூட அவள் எழுப்பவில்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற கணவர் சௌந்தரபாண்டியனுக்குக் கேலிதான் பொழுதுபோக்கு. "ஏம்மா, ஊருக்கெல்லாம் எழுப்பி விடுற. நம்ம வீட்டுது எப்ப முழிக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். "அது வேற, இது வேற" என்றாள். "ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே" என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டே காப்பியை உறிஞ்சினார். அன்றைக்கு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயில் கசந்தது.

பவுன்தாய். அந்தப் பேரை நினைக்காமல்தான் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள், அது இப்போது வந்து முன்னால் நின்றுவிட்டது. யோகேஸ்வரியின் அம்மா. ஏலக்காய் தரம் பிரிக்கிற செட்டில் வேலை. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும். நல்ல மழை நாளில் பொருளாதாரத் துறை வாசலில் வந்து நின்றாள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கி. "டீச்சர், நா யோகேஸ்வரி அம்மா. செட்டுல அரைநாள் சொல்லிட்டு வந்தேன். ஒரு சங்கதி கேக்கணும்." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த நாலு பவுன் எங்க அப்பன் ஏலத்தோட்டத்துல அட்டைக்கடி பட்டுச் சேத்தது. இவ அப்பா போனப்பறம் எத்தனையோ கஷ்டம், இதை மட்டும் தொடல. இவ கல்யாணத்துக்குன்னு கெடக்கு. இப்ப இவ ஒத்தக் கால்ல நிக்கிறா. தூங்குதும்மா தூங்குதும்மான்னு உசிரை வாங்குறா. இதை வித்து மஞ்சக் கட்டடத்துல போட்டா மாசா மாசம் வட்டி வரும், கல்யாணத்துக்குள்ள ஆறு பவுனாகும்ங்கிறா. நா எழுத்து வாசனை இல்லாதவ டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னாச் சரி. போடலாமா?" இது அத்தனையும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ஈரச் சேலையின் ஓரம் தரையில் சொட்டியதுகூட. தான் என்ன பதில் சொன்னோம் என்பதுதான் பிடிபடவில்லை. விசாரிச்சுப் போடுங்க என்று சொன்னாள். சொன்னாளா? அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அல்லது பேங்க்ல போடுங்க, அது ஜாக்கிரதை என்று சொல்லியிருப்பாள். அதுவும் அவள் சொல்லக்கூடியதுதான். சொல்லக்கூடியதற்கும் சொன்னதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய் நின்றால் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி, அந்த மழை நாளை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள். ஈரக் கால். ஏலக்காய் வாசனை. போடலாமா? அதற்கப்புறம் ஒரு வெறும் இடம். அதற்கப்புறம் பவுன்தாயின் முகம் மலர்ந்து, கும்பிட்டு, திரும்பிப் போகிறாள். விசாரிச்சுப் போடுங்க என்று சொன்னால் யாருக்காவது முகம் மலருமா?

ஜன்னலோர பெஞ்சில் ஒரு சலசலப்பு. இரண்டு பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடியே வெளியே பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையை இடித்தாள். அவர்கள் வீட்டிலும் யாராவது போட்டிருப்பார்கள். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் போட்டிருப்பார்கள். அடுத்து அந்தப் பேச்சு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போகும், தூணைத் தாண்டும். "வெயில் அடிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டு இந்திராணி ஜன்னலை மூடினாள். வெயில் எங்கே அடித்தது? மலையிலிருந்து மேகம் இறங்கி அறையே சாம்பலாக இருந்தது. இரண்டாவது ஜன்னல், மூன்றாவது, முதலாவது. கொக்கி துருப்பிடித்து மாட்டாமல் அடம்பிடித்தது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள், கை வலித்தது. பிள்ளைகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "எழுதுங்க, எழுதுங்க. வேடிக்கை பாத்தா மார்க் வருமா?" இது அந்தப் பெண்ணுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி அடிக்கும் வரைக்கும் அது நிம்மதியாக எழுதட்டும். வெளியே போனதும் தெரியத்தானே போகிறது. இந்தக் கொஞ்ச நேரத்தையாவது நான் அதற்குக் கொடுக்கிறேன். இதைச் சொல்லிக்கொண்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது, தர்மம் செய்துவிட்ட மாதிரி. அந்த லேசைச் சந்தேகிக்க வேண்டும் என்று உடனே தோன்றவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "மேடம், எக்ஸ்ட்ரா பேப்பர்." யோகேஸ்வரிதான். கூடுதல் தாளையும் நூலையும் எடுத்துக்கொண்டு போனாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, தேய்ந்த காலர், அதே ஏலக்காய் வாசனை மெலிதாக. அம்மாவின் சேலையும் மகளின் சுடிதாரும் ஒரே கொடியில்தானே காயும். தாளைக் கொடுக்கும்போது எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பணவீக்கம் இல்லை. சேமிப்புத்தான். அழகான கோடு, ஸ்கேல் வைத்து அச்சுகள், உச்சியில் ஒரு சின்ன அம்புக்குறி. அதற்குக் கீழே குண்டு குண்டான எழுத்தில்: எடுத்துக்காட்டாக, என் தாயார் திருமதி பவுன்தாய் அவர்கள் முடங்கிக் கிடந்த தம் நான்கு பவுன் சங்கிலியை விற்று, அத்தொகையை நிதி நிறுவனமொன்றில் வைப்பாகச் செலுத்தினார். இவ்வாறு உறங்கும் சேமிப்பு விழித்தெழுகிறது. இத்தகைய குடும்பங்கள் பெருகும்போது நாட்டின் மொத்தச் சேமிப்பு விகிதம் உயர்கிறது. இந்திராணி அங்கேயே நின்றுவிட்டாள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ விடைத்தாளில் தன் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறாள், பிள்ளைகள் சொன்னதைச் சொல்லும். அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு அம்மாவின் பேரோடு சேர்த்து அதைப் பார்த்ததில்லை. யோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ராத்திரியெல்லாம் படித்திருக்கும். "நூல் குடுங்க மேடம்" என்றாள்.

திரும்பி நடக்கும்போதுதான் அது உறைத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதாரணமே தப்பு. கம்பெனி ஓடியதால் தப்பு இல்லை. அது ஓடாமல் தங்கமாக நடந்திருந்தாலும் தப்பு. பவுன்தாய் சங்கிலியை விற்றாள் என்றால் யாரோ வாங்கினார்கள். வாங்கினவள் தன் சேமிப்பைக் கொடுத்துத்தானே வாங்கியிருப்பாள்? ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்குப் போனது. இந்தக் கையில் வந்த பணம் அந்தக் கையிலிருந்து போன பணம். நாட்டின் கணக்கில் ஒரு பைசா கூடவில்லை. முதலாம் வருஷத்துப் பிள்ளையே கேட்க வேண்டிய கேள்வி. முப்பது வருஷமாக ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்குச் சரியாக இருப்பதை நாட்டுக்கும் சரி என்று தூக்கி வைக்கக் கூடாது என்று அவளே வேறொரு பாடத்தில், வேறொரு நாளில், இதே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். கோட்டின் அழகில் மயங்கிப்போனாள். கோடு ஏற வேண்டும், அது ஏறுவதற்கு ஊரில் இருக்கிற கழுத்தெல்லாம் வேண்டும். கீழே சரேலென்று இழுக்கும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடிப்பார்களே, அதற்காகத்தான் எல்லாம். அந்தக் கோட்டுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று நினைத்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பச்சைச் சேலை.

அப்போதுதான், கேட்காத நேரத்தில், அந்த வெறும் இடம் நிரம்பியது. விசாரிச்சுப் போடுங்க என்று அவள் சொல்லவில்லை. பேங்க் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைசிப் பஸ்ஸுக்கு அல்ல, கூட்டம் இல்லாத பஸ்ஸுக்கு அவள் அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். குடையைத் தேடிக்கொண்டே பேசினாள். பவுன்தாயின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "ஒங்க பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவ சொல்றபடி கேளுங்க" என்றாள். முகம் மலராமல் என்ன செய்யும்? பெற்ற பிள்ளையை டீச்சரே மெச்சிவிட்டார். சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், பாரத்தைத் தூக்கி அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரத்தனம். நாளைக்கு யார் வந்து கேட்டாலும், நான் போடச் சொல்லவில்லையே என்று சத்தியம் பண்ணலாம், அது பொய்யும் ஆகாது. பவுன்தாய் யாரைக் கேட்பாள்? மகளைக் கேட்பாள். கேட்கவும் மாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். தைப்பூசத்தன்று பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தபோது கழுத்தில் புது மஞ்சள் கயிறு, மஞ்சள் இன்னும் தோலில் ஒட்டியிருந்தது. புருஷன் இல்லாதவள் சும்மா கிடக்கட்டும் என்று கட்டியிருந்தாள், ஊரில் சிலர் ஒரு மாதிரியாகப் பேசினாலும் வெறுங்கழுத்தாக இருக்கக் கூசுகிறது என்று. "போட்டுட்டேன் டீச்சர். ரெண்டு மாசம் வட்டி வந்துருச்சு. அதுலதான் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டுனேன்" என்று சிரித்தாள். இந்தப் பரீட்சை. இந்த அறையில் இப்போது நடக்கிற இதற்கும் அடுத்து வரப்போகிறதற்கும். இந்திராணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும் போல் இருந்தது. மேற்பார்வையில் உட்காரக் கூடாது என்பதும் முதல்வர் போட்ட சட்டம். உட்கார்ந்தாள்.

மூடிய ஜன்னலைத் தாண்டி இப்போது சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு விசில். பிறகு போலீஸ் வண்டியின் சைரன், ஒரே ஒரு முறை அலறி அடங்கியது. பிறகு தகரத்தில் கல் விழும் சத்தம். பிள்ளைகள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். யோகேஸ்வரி மட்டும் தூக்கவில்லை. அதை இந்திராணி கவனித்தாள். அத்தனை தலைகளும் நிமிர்ந்திருக்க, ஒரு தலை குனிந்தே இருந்தது, பேனா ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சத்தத்தில் நிமிராமல் எப்படி இருக்கும்? பாடத்தில் மூழ்கியிருக்கிறது என்று நினைத்தாள். நல்ல பிள்ளை. மழை ஆரம்பித்தது. தூசி படிந்து மங்கிப்போன ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து கடைவீதி மொத்தமும் கரைந்து மஞ்சளாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தது. மழை வந்தால் கூட்டம் கலைந்துவிடும், பச்சைச் சேலையும் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். போ தாயே, நனையாதே. அது வேறு யாரோ. வேறு யாரோ என்றால் மட்டும் என்ன, அவளுக்கும் கழுத்து இருக்காதா? நினைப்பு இப்படியே செக்குமாடாகச் சுற்றி வந்தது: புளியமரம், குடை, போடலாமா, அவ சொல்றபடி கேளுங்க. மறுபடி புளியமரம். ஒவ்வொரு சுற்றிலும் மரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். வராந்தாவில் போகும்போதே பேச்சு வெடித்தது, மஞ்சக் கட்டடம் மஞ்சக் கட்டடம் என்று அந்தச் சொல்லே படிக்கட்டில் இறங்கிப் போனது. அறை காலியானது. யோகேஸ்வரி கடைசியாக வந்தாள். தாளின் ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, நூலை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கி, நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். "யோகேஸ்வரி" என்று ஆரம்பித்தாள் இந்திராணி. என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "வெளியே கொஞ்சம் கலாட்டாவா இருக்கும்மா. நீ நேரா வீட்டுக்கு..."

"தெரியும் மேடம்" என்றாள் அந்தப் பெண். "நேத்து சாயங்காலமே தெரியும். அம்மா விடியக்காலம் போய்ப் படியில உக்காந்துருக்கு. நானும் வாரேன்னேன். நீ பரீட்சையை எழுதிட்டு வா, அதுக்கும் பணம் கட்டியிருக்குல்லன்னுச்சு." அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்க மூடியிருக்க வேண்டாம் மேடம். தெறந்திருந்தா, அம்மா இருக்கான்னு யாராச்சும் பாத்துச் சொல்லியிருப்பாங்க."

இந்திராணியின் கை சங்கிலியை முந்தானைக்குள் தள்ளியது. தள்ளியதை அந்தப் பெண் பார்த்தாள்; பார்த்துவிட்டு, மரியாதைக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த மரியாதை அறைந்த மாதிரி இருந்தது. வெளியே மழையோடு யாரோ ஒரு பெண்பிள்ளை ஓங்கிக் குரல் கொடுத்தாள், என்ன சொன்னாள் என்று புரியவில்லை.

"பன்னெண்டாவதுக்கு எங்க அம்மாவைத்தான் உதாரணம் எழுதியிருக்கேன் மேடம். நீங்க நடத்துன மாதிரியேதான்." யோகேஸ்வரி தாளை மேஜைமேல் விரித்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். "இது சரியா, தப்பா? தப்புன்னா இப்பவே சொல்லிருங்க. அடிச்சுட்டுத் தந்துர்றேன்."

சரி என்று சொன்னால் பத்து மார்க். சரி என்று சொன்னால் பாடம் நிற்கும், கோடு நிற்கும், முப்பது வருஷம் நிற்கும். இந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போய், நான் சொன்னது தப்பில்லையாம்மா, கம்பெனிதான் தப்பாம், என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆறுதலையாவது கொடுக்கலாமே. குடையைத் தேடிய அதே கை மறுபடியும் எதையோ தேடுவதை இந்திராணி உணர்ந்தாள். தேடுவதை நிறுத்தினாள்.

"தப்பு" என்றாள். "நான் சொல்லிக் குடுத்தது தப்பு. நீ எழுதினது இல்ல. நான் நடத்துனது தப்பும்மா. அடிச்சிரு."

யோகேஸ்வரி பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். விடைத்தாளில் கிறுக்கக் கூடாது, தப்பை நேர்கோட்டால் அடிக்க வேண்டும் என்று முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்ததும் இந்திராணிதான். வரிக்குமேல் ஸ்கேலை வைத்து, இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் அடிக்க ஆரம்பித்தாள். எடுத்துக்காட்டாக என்ற சொல் போனது. என் தாயார் திருமதி என்பது போனது. பவுன்தாய் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி, ஸ்கேலை நகர்த்தி, அந்தப் பேரை அப்படியே விட்டு, அதற்கு அந்தப் பக்கம் வைத்து, மறுபடியும் கோடு போட்டாள்.